தோரணத்துக்கு இந்தப் பக்கம்

ஏனுங்க அம்மணி, வெயில்ல நிக்காதீங்க. அந்தப் புளியமரத்து நெழலுக்கு வந்துருங்க. பஸ்ஸு வந்தா இங்கிருந்தே தெரியும், மேடு ஏறும்போதே ஹாரன் அடிச்சுட்டுத்தான் வருவான். பதினொண்ணு இருபதுக்கு வரோணும். என்னைக்கு அவன் நேரத்துக்கு வந்தான்? கோயமுத்தூருக்குத்தானுங்களே? நல்லதாப் போச்சு.

இல்லீங்க, நான் வரலை. சும்மா உக்காந்திருக்கறேன். காலையில ஆறு மணியில இருந்து இந்தப் பாலத்துச் செவுத்து மேலதான் இருக்கறேன். மூணு பஸ்ஸு போயிருச்சு. நான் அக்கட்டால வர முடியாதுங்க. உங்க தலைக்கு மேல பாருங்க, வேப்பிலைத் தோரணம் தொங்குதில்லீங்களா? அதுதான் எங்க ஊர் எல்லை. தோரணத்துக்கு அக்கட்டால நீங்க நிக்கறீங்க, இக்கட்டால நான். மாரியம்மன் நோம்பிங்க. என்ற கையைப் பாருங்க, காப்பு. ஊருக்காகக் காப்புக் கட்டினவன் நோம்பி முடியற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. நாளைக்குப் பொழுதோட மஞ்சத்தண்ணி ஊத்தினாங்கன்னா அவுத்துருவாங்க. நாளைக்கு அவுத்து என்ன பண்ண? பிளேன் இன்னைக்குத்தானே வருது.

பிளேன்னா, இப்ப சனமெல்லாம் ஏறிப் போகுதே, அந்தப் பிளேன் இல்லீங்க. பழைய பிளேன். டகோட்டா, ஹார்வர்டு, டைகர் மாத். எல்லாம் எங்க காலத்து வண்டிக. மூலையில துருப்புடிச்சுக் கெடந்ததைப் பைத்தியக்கார ஆளுக கொஞ்சப் பேரு தேடிப் புடிச்சு, போல்ட்டு போல்ட்டாக் கழட்டி மாட்டிப் பறக்க வெச்சிருக்கறாங்க. இன்னைக்குக் கோயமுத்தூர்ல அதைப் பறக்க உட்டுக் காட்டறாங்க. அதை ஓட்டின பைலட்டுகளையும் கூட்டிட்டு வந்து பந்தல்ல உக்கார வெக்கறாங்க. யாரு வேணாப் போய்ப் பேசலாம், கை குடுக்கலாம். பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சு மூணு மணிக்கு முடிச்சிருவாங்க. இந்தப் பஸ்ஸைப் புடிச்சா ஒரு மணிக்கெல்லாம் போயிரலாம். இதை உட்டா அடுத்தது ரெண்டே முக்காலுக்கு. அதுல போனா பந்தல்காரன் கயித்தை அவுத்துட்டு இருப்பான். அதனால இதுதான் கடைசி பஸ்ஸுன்னு வெச்சுக்கங்க.

போன ஆடி மாசத்துல இருந்து காத்துட்டு இருந்தேன், அம்மணி. என்ற பேரு தெய்வசிகாமணி. சார்ஜென்ட் தெய்வசிகாமணி, ஏர்ஃபோர்ஸ்ல பதினஞ்சு வருசம் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவன். பழைய ஆளுக சங்கத்துல இருந்து மொதல் லெட்டரு வந்தன்னைக்கே போய் ஒரு கோட்டு தெச்சுட்டேன். இதா, போட்டிருக்கறேனே, இதுதான். மெடலைப் புளி போட்டு வெளக்கி வெச்சேன். பளபளன்னு இருக்குதில்ல? போகலைன்னு ஆனப்புறம் எதுக்குப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கறேன்னு நெனைக்கறீங்க. சும்மா. தெச்சது வீணாப் போகக் கூடாதுன்னு போட்டேன்.

மொதல்ல மாசி மாசம்னாங்க. நான் என்ன பண்ணினேன், எங்க நோம்பியை மாசியில இருந்து பங்குனிக்குத் தள்ளி வெச்சேன். கோயில் கமிட்டித் தலைவரு நான்தானுங்க, பன்னெண்டு வருசமா. நான் சொன்னா ஒருத்தன் எதுத்துப் பேச மாட்டான். சரி, வழி சுத்தமாயிருச்சுன்னு நிம்மதியா இருந்தா, அவிங்களுக்கு ஏதோ பர்மிசன் வரலைன்னு அவிங்களும் பங்குனிக்குத் தள்ளிட்டாங்க. தள்ளறதுதான் தள்ளறாங்க, ஒரு வாரம் முன்னப்பின்ன தள்ளக் கூடாதா? நேராக் கொண்டாந்து எங்க மாவிளக்கு அன்னைக்குப் போட்டுட்டாங்க. அந்த லெட்டரு வந்தப்ப காப்புக் கட்டறதுக்கு எட்டு நாள் இருந்துச்சு. எங்கெரகம்.

நோம்பின்னா எல்லா ஊர்லயும் இதானேங்கறீங்களா? இல்லீங்க. மத்த ஊர்ல பகல்ல போயிட்டு ராத்திரி வந்து படுத்துட்டாப் போதும். எங்க ஊர்லயும் அப்பிடித்தான் இருந்துச்சு. நான்தான் மாத்தினேன். கடைசி மூணு நாளு ஒருத்தனும் தோரணத்தைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டினவன் மட்டுமில்லை, ஊரே தாண்டக் கூடாது. பொழுதோட ஆறு மணிக்குக் கோயில் முன்னாடி ரோல்கால். பேரு பேராக் கூப்புடுவேன், "உள்ளேன்"னு சொல்லோணும். மொதல்ல சிரிச்சாங்க. ஒரு வருசம் ரெண்டு பேரு டிமிக்கி குடுத்தாங்க, அவிங்களுக்கு அடுத்த வருசம் மாவிளக்குத் தட்டு வெக்க எடம் இல்லைன்னுட்டேன். அதுக்கப்புறம் சத்தமே இல்லை. ரூல்னா ரூலு. ஒருத்தனுக்குத் தளத்தினா எல்லாத்துக்கும் தளத்தோணும்.

எங்க மாமன் பேரன் ஒருத்தன், நவநீதன்னு. ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டான். கோயமுத்தூர்ல ஏதோ கம்பெனியில வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க, இதுதான் கடைசி ரவுண்டு, மத்தியானம் வந்துருவேன் மாமாங்கறான். நான் பஸ்ஸுக்கு முன்னாடி நின்னுட்டேன். டிரைவர் கையெடுத்துக் கும்புடறான், பஸ்ல இருக்கற சனமெல்லாம் வையுது. நான் நகரலையே! அவனா எறங்கி வந்தான். சர்ட்டிபிகேட்டு பையை நெஞ்சோட அணைச்சுட்டு ஊருக்குள்ள போனான். அந்த வேலை போயிருச்சு. இப்பக் கோழிப்பண்ணையில சூப்பர்வைசரா இருக்கறான். நல்ல பையன். சட்டம் பழகட்டும்னு நான்தான் அவனை ரோல்கால் நோட்டு எழுதப் போட்டேன்.

என்ற கதையை உட்டுட்டு அவன் கதைக்குப் போயிட்டேன் பாருங்க.

என்ற மடியில துண்டுல சுத்தி வெச்சிருக்கறேனே, இது என்னன்னு கேக்க மாட்டீங்களா? காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு ஒரு வாத்தியாரு வந்தாரு, அவரு கேட்டாரு. அவருகிட்டக் குடுத்து உடலாம்னு பார்த்தேன். ஆனா அவரு மூஞ்சி ஒரு மாதிரி, எல்லாத்தையும் அலட்சியமாப் பார்க்கற மூஞ்சி. ஒம்போது மணிக்கு ஒரு பூக்காரம்மா. அவிங்களுக்கு வெவரம் சொன்னாப் புரியாது. உங்களைப் பார்த்தாப் படிச்ச புள்ளையாத் தெரியுது. மண்ணுப் பரிசோதனைக்கா வந்தீங்க? சந்தோசம். அவுத்துக் காட்டறேன், பாருங்க.

கட்டைதான். ரெண்டு பலகை, நடுவுல இறுக்கற கிளிப்பு, நுனியில சிவப்புத் துணி. துணி இப்ப வெளுத்துப் போச்சு. வீட்டுல சம்பூர்ணம், என்ற சம்சாரம், ஒரு நாள் இதைக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்சுட்டா. நான் போட்ட சத்தத்துல கோழி நாலும் ரெண்டு நாளு முட்டை உடலை. இது கவர்மெண்ட் சொத்துடீன்னேன். கவர்மெண்ட் சொத்து நம்ம வீட்டு அட்டாலிப் பரண்ல எதுக்கு இருக்குதுன்னு கேட்டா. அதுக்கு நான் பதில் சொல்லலை. நாப்பத்தஞ்சு வருசக் குடும்பத்துல சொல்லலை. இப்ப உங்ககிட்டச் சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ, சொல்றதுக்குச் சுலுவா இருக்குது.

எழுவத்தி நாலாம் வருசம். வடகிழக்குல ஒரு தளம், பேரு வேண்டாம். மலை மேல இருக்கற பட்டாளத்துக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் டகோட்டாவுல ஏத்திட்டுப் போய் மேல இருந்து போடுவாங்க. எனக்கு இருவத்தி மூணு வயசு. பிளேனு கீழ நிக்கும்போது காத்தடிச்சா, வால்ல நிக்கற சுக்கான் இக்கட்டயும் அக்கட்டயும் அடிச்சு ஒடைஞ்சு போகும். அது ஆடாம இருக்கறதுக்குத்தான் இந்தக் கட்டை. பூட்டுன்னு வெச்சுக்கங்களே. ரெக்கைக்கு ஒண்ணு, வாலுக்குக் குறுக்க இருக்கறதுக்கு ஒண்ணு, சுக்கானுக்கு இது. மூணையும் பொறப்படறதுக்கு முன்னாடி கழட்டோணும். கழட்டி, மூக்குக்கு முன்னாடி வந்து நின்னு, ரெண்டு கையிலயும் புடிச்சுத் தலைக்கு மேல தூக்கிப் பைலட்டுக்குக் காட்டோணும். அவரு கண்ணாடி வழியாப் பார்த்து எண்ணிட்டுக் கட்டைவெரலைத் தூக்குவாரு. அதுக்கப்புறந்தான் சக்கரம் உருளோணும். நோட்டுல "மூணும் கழட்டியாச்சு"ன்னு கையெழுத்தும் போடோணும்.

அன்னைக்கு மழைங்க. மழைன்னா நம்ம ஊரு மழை இல்லை, எதுர்ல நிக்கறவன் கையில என்ன இருக்குதுன்னு தெளிவாத் தெரியாத மழை. நான் கையெழுத்தை மொதல்லயே போட்டுட்டு டீ குடிச்சுட்டு இருந்தேன். இஞ்சின் சத்தம் கேட்டதும் ஓடினேன். ரெண்டைக் கழட்டினேன். மூணாவதை மறந்து போயிட்டேன். சத்தியமா மறந்து போச்சுங்க, வேணும்னு பண்ணலை. முன்னாடி வந்து நின்னு ரெண்டு கட்டையையும் தலைக்கு மேல தூக்கினேன். மேல உக்காந்திருந்தவரு பட்வர்தன் சாரு, ஃபிளைட் லெப்டினன்ட். மழையில ரெண்டா மூணான்னு அவருக்கு எண்ணத் தெரியலை. யாரு நிக்கறதுன்னு பார்த்தாரு. நான்னு தெரிஞ்சதும் சிரிச்சாரு. கட்டைவெரலைத் தூக்கினாரு.

பிளேனு ஓட ஆரம்பிச்சுது. பாதி தூரம் போனதும் இடது பக்கமா இழுத்துது. நேராக்க முடியலை. அப்படியே போய்ப் பள்ளத்துல எறங்கி மூக்கால குத்தி நின்னுருச்சு. எல்லாரும் பைலட்டைத் தூக்க முன்பக்கம் ஓடினாங்க. நான் வால் பக்கம் ஓடினேன்.

ஆமாங்க. கழட்டி மழைக்கோட்டுக்குள்ள சொருகிட்டேன். இதை வெளிய எடுக்கப் பயந்து, ஸ்டோர்ல இருந்து வேற ஒண்ணை எடுத்து, கழட்டின கட்டையெல்லாம் வெக்கற பெட்டியில மூணாவதா வெச்சுட்டேன். ஒருத்தனும் பார்க்கலை.

சாருக்கு முழங்கால் நொறுங்கிப் போச்சு. விசாரணையில அவரு ஒரே வார்த்தை சொன்னாரு, பெடலை மிதிச்சேன், நகரலைன்னு. ஆபீசருக வந்து சுக்கானைத் தள்ளிப் பார்த்தாங்க, எண்ணெய் போட்ட கதவாட்டம் ஆடுது. என்னையக் கூப்புட்டுக் கேட்டாங்க. மூணையும் எடுத்தியா? மூணையும் எடுத்தேன் சார். நோட்டுலயும் இருக்குது. அவ்வளவுதான். பயந்து போய்க் காலைத் தப்பா வெச்சுட்டாரு, அதை மறைக்கப் பொய் சொல்றாருன்னு எழுதிட்டாங்க. பிளேனு ஓட்டறவனுக்கு அதை உட ஒரு கேவலம் இல்லீங்க, அம்மணி.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். அவரு என்ற கையைப் புடிச்சுட்டு, "சிகா, நீ நெசமா எடுத்தியா? எனக்கு மட்டும் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு இந்தியில கேட்டாரு. எடுத்தேன் சார்னேன். அவரு கட்டுப் போட்டிருந்த காலைப் பார்த்தாரு. "அப்படீன்னா என் காலுதான் என்னை ஏமாத்திருச்சு"ன்னாரு. என்னைத் திட்டலை. பழத்தை உரிச்சு எனக்கும் ரெண்டு சுளை குடுத்தாரு. நான் தின்னேன்.

அவரோட படிச்சவிங்க எல்லாம் எங்கெங்கயோ போயிட்டாங்க. இவரு ஸ்க்வாட்ரன் லீடர்ங்கற அடுத்த படியோட நின்னுட்டாரு. இப்ப எழுவத்தெட்டு வயசு இருக்கும். அம்பது வருசமா, தன்ற காலு தன்னை ஏமாத்திருச்சுன்னு நெனைச்சுட்டே நடந்துட்டு இருக்கறாரு. இன்னைக்கு வர்ற பைலட்டுக பட்டியல்ல ஆறாவது பேரு அவரோடது. பூனாவுல இருந்து வர்றாரு, பொழுதோட திரும்பிப் போயிருவாரு. இனி எங்க வரப் போறாரு? அவருக்கும் வயசாச்சு, எனக்கும் ஆச்சு.

நான் பெருசா ஒண்ணும் ஆசைப்படலீங்க. போகோணும். அவரு உக்காந்திருக்கற சேருக்கு முன்னாடி நிக்கோணும். இதை ரெண்டு கையிலயும் புடிச்சுத் தலைக்கு மேல தூக்கிக் காட்டோணும். அவ்வளவுதான். அவருக்குப் புரிஞ்சிரும். அப்புறம் செருப்பைக் கழட்டி அடிச்சாலும் வாங்கிக்கறேன், காறித் துப்பினாலும் தொடைச்சுக்கறேன். அதுக்குத்தான் கோட்டு தெச்சேன். அதுக்குத்தான் நோம்பியைத் தள்ளி வெச்சேன். ஆனா பாருங்க, இந்த ஊரு என்னைக் கட்டிப் போட்டிருச்சு.

நீங்க கேக்கறது புரியுது. லெட்டரு எட்டு நாளைக்கு முன்னாடியே வந்திருச்சே, தெரிஞ்சும் எதுக்குக் காப்புக் கட்டிக்கிட்டேன்னுதானே? சம்பூர்ணமும் அதையேதான் கேக்கறா. இந்த வருசம் முறை என்னுதே இல்லை. குப்புராசு முறை. அவனும் குளிச்சு ஈரத்துணியோட வந்து நின்னான். பூசாரி மஞ்சத்துணியை எடுத்துட்டு அவன் பக்கம் திரும்பினாரு. நான் கையை நீட்டிட்டேன். அவன் குடிக்கறவன், அம்மணி. அவன் கையில ஊர்க் காப்பை எப்பிடிக் கட்டறது? இல்லீங்க, இப்பக் குடிக்கறதில்லை, உட்டு மூணு வருசம் ஆச்சு. இருந்தாலும் குடிச்ச கை குடிச்ச கைதானே. பூசாரி ஒரு நிமிசம் என்ற மூஞ்சியைப் பார்த்தாரு. கட்டிட்டாரு. அவராச்சும் மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலையே. ஒருத்தனுக்கும் என்ற மேல அக்கறை இல்லை.

உங்களுக்குப் போகப் பயம், அதுக்குத்தான் கையை நீட்டுனீங்கங்கறா சம்பூர்ணம். கட்டை விசயம் அவளுக்குத் தெரியாது, ஆனா அப்பிடிச் சொல்றா. எனக்கு என்ன பயம்? குண்டு போட்ட காலத்துல பதுங்குகுழியில படுத்தவன் நான்.

நேத்துப் பொழுதோட ரோல்கால் முடிஞ்சதும் நவநீதன் வந்தான். "மாமா, நீங்க காலையில போயிட்டு வந்துருங்க. ஆறு மணிக்கு முன்னாடி வந்துரலாம். வர லேட்டானாலும் நோட்டுல உங்க பேருக்கு நேரா நான் டிக் போட்டுக்கறேன்"ங்கறான். எனக்கு வந்துச்சே கோவம். பொய்யா டிக் போடறதா? என்ற நோட்டுலயா? என்ற ஜென்மத்துல நான் ஒரு பொய்க் கையெழுத்து போட்டதில்லைடான்னேன். அது... அந்தக் கையெழுத்து வேற விசயம், அம்மணி. அது மழையில.

அவன் எதுக்கு அப்பிடிச் சொன்னான்னு எனக்குத் தெரியாதா? பழி வாங்கறான். நான் தாண்டினதும் ஊரைக் கூட்டி, பாரு, தலைவரே தாண்டிட்டாருன்னு காட்டறதுக்குத்தான். அன்னைக்குப் பஸ்ல இருந்து எறக்கினது மனசுக்குள்ளயே இருக்குது அவனுக்கு. மூஞ்சியில ஒண்ணும் காட்ட மாட்டான். எனக்குத் தண்ணி மோந்து குடுத்தான், சட்டையில ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்து உட்டான். அப்பிடி அன்பாப் பண்ணிப் பண்ணியே கொல்றான்.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். ஒரு நிமிசம்.

சொல்லுடா... ஆமா, பாலத்துலதான் இருக்கறேன்... யாரு சொன்னா? பூசாரியா? ... குப்புராசு ஒத்துக்கிட்டானா? ... ஊர்ல எல்லாருமா? உங்களை யாருடா கூட்டம் போடச் சொன்னா, தலைவர் இல்லாம? ... அதெல்லாம் வேண்டாம். வேண்டாங்கறேன்ல. வண்டியை எடுத்துட்டு இங்க வந்தீன்னா மரியாதை கெட்டுப் போகும். வெய்யி போனை.

கேட்டீங்களா கூத்தை? காப்புக் கட்டினவன் வீட்டுல சாவு, கீவுன்னா காப்பை இன்னொருத்தன் கைக்கு மாத்திக் கட்டற வழக்கம் இருக்குதுங்க. அந்த வழக்கத்தை வெச்சு, என்ற கையில இருக்கறதை அவுத்துக் குப்புராசுக்குக் கட்டிடறேன்னு பூசாரி சொல்றாராம். கோயில் முன்னாடி ஊரே கூடியிருக்குதாம். மாவிளக்குத் தட்டோட பொம்பளைங்க எல்லாம், "பாவம், போயிட்டு வரட்டும், ஒரு வருசமாச் சொல்லிட்டு இருந்தாரு"ங்கறாங்களாம். சம்பூர்ணந்தான் எல்லாத்துக்கிட்டயும் போய்ப் பேசியிருக்கறா. இன்னைக்கு ஒரு நாளு நானும் நவநீதனும் தோரணத்தைத் தாண்டிக்கலாம்னு ஊரே சொல்லிருச்சாம். அவன் பைக்கை எடுத்துட்டு வந்து நேராப் பந்தல்லயே எறக்கி உடறேங்கறான். அவன் பைக்குல போனா முக்கா மணி நேரம்.

பார்த்தீங்களா, அம்மணி? எப்பிடிப் புடிச்சு வெச்சிருக்கறாங்க பாருங்க. என்னை உட மாட்டேங்கறாங்க. என்ற வீட்டுல சாவா உழுந்திருக்குது, காப்பை மாத்தறதுக்கு? தப்பான காரணத்துக்கு மாத்தினா அது தெய்வக் குத்தமில்லையா? அப்புறம் ஊர்ல அம்மை போட்டா யாரு பதில் சொல்றது? அன்னைக்கு அந்தப் பையனைப் பஸ்ல இருந்து எறக்கிட்டு, இன்னைக்கு நான் பைக்குல ஏறிப் போனா அந்த ரூலுக்கு என்ன மரியாதை? அப்ப அவனை எறக்கினதே தப்புன்னு ஆயிருமில்ல? அப்பிடி ஆகக் கூடாதுங்க. ஒண்ணு தப்புன்னு ஆனா எல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

உஷ்! பேசாதீங்க. கேக்குதா?

அது பஸ்ஸு இல்லை. மேல. மேல பாருங்க, அந்தக் கரட்டுக்கு மேல. வெள்ளி மாதிரி மின்னுதா? டகோட்டா! ரெண்டு இஞ்சின். பன்னெண்டரைக்கு முன்னாடி சும்மா ஒரு சுத்து சுத்திக் காட்டறான். ஐயோ, அந்தச் சத்தம். வயித்துக்குள்ள கேக்குது, அம்மணி. இடது இஞ்சின் கொஞ்சம் முக்குது, கார்புரேட்டரைப் பார்க்கோணும். அவரும் உள்ள உக்காந்திருப்பாரோ? வயசானவிங்களையும் ஒரு சுத்து ஏத்தறாங்கன்னு லெட்டர்ல போட்டிருந்துச்சு. நேரா நம்ம தலைக்கு மேலதான் வருது, பாருங்க, பாருங்க...

போயிருச்சு.

நான் கையைத் தூக்கினேனா? ரெண்டு கையுமா? எனக்கே தெரியலீங்க. கட்டையோட தூக்கி நின்னேனா? அது பழக்கம். பதினஞ்சு வருசப் பழக்கம், கை தானாப் போகுது. அத்தனை ஒசரத்துல இருந்து இது யாருக்குத் தெரியப் போகுது. கண்ணுல ஒண்ணுமில்லை, வெயிலு.

ஹாரன் அடிக்கறான், பஸ்ஸு வந்திருச்சு. அம்மணி, ஒரு உதவி பண்ணுங்க. இந்தாங்க, இதைப் புடிங்க, தோரணத்துக்கு அடியிலயே கையை நீட்டுங்க. வெயிட்டு ஒண்ணுமில்லை. பந்தல்ல போய்ப் பட்வர்தன் சாருன்னு கேட்டா யாரு வேணாலும் காட்டுவாங்க. கொஞ்சம் நொண்டி நடப்பாரு, அதுதான் அடையாளம். இதை அவரு கையில குடுத்துருங்க. பார்த்ததும் என்னன்னு தெரிஞ்சிரும். யாரு குடுத்தான்னு கேப்பாரு. கேட்டா...

கேட்டா என்னன்னு சொல்லுவீங்க? என்ற பேரைச் சொல்ல வேண்டாம். ஊர்ப் பேரும் வேண்டாம். அன்னைக்கு டியூட்டியில இருந்த ஒருத்தருன்னு சொல்லுங்க. வேண்டாம், வேண்டாம், அப்பிடிச் சொன்னாத் தெரிஞ்சிரும், டியூட்டியில நான் ஒருத்தன்தான். எங்கயோ கெடந்துச்சுன்னு சொல்லுங்க. பழைய சாமான் கடையில கெடச்சுதுன்னு... அது பொய்யாப் போயிருமே. அவருகிட்ட இன்னொரு பொய்யா?

திருப்பிக் குடுத்துருங்க, அம்மணி. இக்கட்டாலயே குடுத்துருங்க. நீங்க சொன்னா நல்லாருக்காது. இது நானே நேர்ல நின்னு சொல்ல வேண்டிய விசயம். அதுதானே அவருக்கு மரியாதை?

நீங்க ஏறுங்க, ஏறுங்க, அவன் ரொம்ப நேரம் நிக்க மாட்டான். முன்பக்கமா ஏறுங்க, ஜன்னல் சீட்டு காலியா இருக்குது. என்னைப் பத்தி நெனைக்காதீங்க. ரெண்டே முக்காலுக்கு அடுத்த பஸ்ஸு இருக்குதில்ல, அதுக்கு யாராச்சும் வராமயா போயிருவாங்க? நல்ல ஆளாப் பார்த்துக் குடுத்து உட்டுடறேன். நான் எங்க போகப் போறேன், இங்கதான் உக்காந்திருப்பேன்.